எட்டடித் தொட்டியில் நாலு மீன்

"சார், இதுல எத்தனை மீன் விடலாம்?"

கண்ணாடி இன்னும் வெட்டக்கூட இல்லை. சுவரில் சாக்பீஸால் எட்டடிக்கு இரண்டரை அடி கோடு போட்டுவிட்டு நிமிர்வதற்குள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாடியில் நின்றால் அலை தெரிகிற வீடு. எதிரே அவ்வளவு பெரிய கடல் கிடக்க, கூடத்துக்குள் இன்னொரு கடல் வேண்டும் என்கிறார். ஆசையில் தப்பில்லை. ஆனால் அவர் கேட்டது வேட்டை மீன்கள் மட்டும் வாழும் கடல். கைபேசியில் சேர்த்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். லயன்ஃபிஷ், விதவிதமான களவா, அஞ்சாலை, கிளாத்தி, எம்பரர் ஸ்னாப்பர், ஒரு குட்டிச் சுறா. எண்ணிக்கொண்டே வந்தேன். மொத்தம் பதினாலு.

"நாலு விடலாம் சார்."

சிரித்தார். "எட்டடிக்கு நாலா? என் பேத்தி கண்ணாடிக் கிண்ணத்துலயே மூணு வெச்சிருக்கா."

கொளத்தூரில் பட்டறை வைத்துத் தொட்டி கட்டிக் கொடுக்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இந்தப் பேச்சு ஒவ்வொரு பெரிய தொட்டிக்கும் நடக்கும். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. "சரி, ஏன்னு சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று அவரிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

பாசி கொறிக்கும் மீன் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கும். அது சில்லறை வியாபாரம். வேட்டை மீன் மொத்த வியாபாரி. இரண்டு நாள் சும்மா மிதந்துவிட்டு மூன்றாம் நாள் ஒரு முழு மீனை ஒரே வாயில் இழுத்துக்கொள்ளும். அந்தப் புரதம் செரித்ததும் மிச்சமாகும் அம்மோனியாவில் பெரும்பங்கு செவுள் வழியாகத் தண்ணீரில்தான் கலக்கிறது. பார்க்கிறவருக்கு வாய் மட்டும் தெரிகிறது. கட்டுகிறவன் வயிற்றைப் பார்த்துக் கட்ட வேண்டும்.

அந்த வாயையும் அலட்சியம் செய்ய முடியாது. களவா கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாய்க்குழியைச் சட்டென்று விரிக்க, தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். கண் இமைத்தால் தவறிவிடும். தன் உடம்பில் பாதி நீளம் இருக்கும் மீனையும் அது முயன்று பார்க்கும். அஞ்சாலையின் கதை இன்னும் விசித்திரம். அதற்குத் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது. முன்தாடை இரையைக் கவ்வியதும் பின்தாடை முன்னால் வந்து பற்றி உள்ளே இழுக்கிறது. 2007இல் ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். அதைப் படித்த பிறகு, என் பட்டறையில் குழாய்க்குள் சுருண்டு கிடந்த அஞ்சாலையைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. கொஞ்சம் மரியாதை கூடிவிட்டது.

ஆகவே முதலில் மீன் பட்டியல், பிறகுதான் தொட்டி. பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். இடத்தை அளந்து, தொட்டியைக் கட்டி, கடைக்குப் போய்க் கண்ணில் பட்டதை அள்ளி வருகிறார்கள். கடையில் கண்ணில் படுவதெல்லாம் குஞ்சு. அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது.

எம்பரர் ஸ்னாப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வரும்போது விரல் நீளம் இருக்கும். வெள்ளை உடம்பில் மூன்று அகலமான கருஞ்சிவப்புப் பட்டைகள். ஆஸ்திரேலியாவில் இதை அரசாங்க மீன் என்ற பொருளில் ஒரு பெயரிட்டு அழைப்பதுண்டு. அந்தக் காலத்தில் கைதிகளின் சட்டையில் குத்திய அம்புக்குறி முத்திரை போலப் பட்டைகள் தெரிவதால் வந்த பெயர். அவ்வளவு அழகுக் குஞ்சு வளர்ந்தால் மூன்றடியைத் தாண்டும். நான் போட்ட வரைபடத்தில் தொட்டியின் அகலமே மூன்றடிதான். பேந்தர் குரூப்பர் என்று விற்கும் வெள்ளைக் களவாவும் அப்படியே. குஞ்சில் கறுப்புப் பொட்டுகளோடு தலையைக் கீழே சாய்த்து நடனமாடும். பெரிதானால் 70 சென்டிமீட்டர்.

"தொட்டிக்குத் தக்கபடிதானே சார் மீன் வளரும்?" என்றார் வீட்டுக்காரர். கடைக்காரர்கள் பரப்பிய வசனம் இது. குறுகிய இடத்திலும் கெட்ட தண்ணீரிலும் மீனின் வளர்ச்சி தடைபடலாம், உண்மை. அது இடத்துக்குப் பொருந்திப்போவது அல்ல, நலிந்துபோவது.

"ரொம்பப் பெருசாயிட்டா எதிர்ல கடல்ல விட்டுடலாமே?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். லயன்ஃபிஷ் நம் இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரிய மீன். அட்லாண்டிக்கில் அது முன்பு கிடையாது. 1985இல் ஃப்ளோரிடா கரையில் ஒன்று தென்பட்டது. இன்று கரீபியக் கடல் முழுக்கப் பரவி, பிரேசில் கரை வரைக்கும் போய்விட்டது. அங்கே அதன் வேட்டை முறையை அறியாத சின்ன மீன்களை வரம்பில்லாமல் தின்கிறது. மீன்தொட்டி வைத்திருந்தவர்கள் விட்டதுதான் மூலம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. நம் கடலில் அது புதியதல்ல என்பது சமாதானம் ஆகாது. பல ஊர் மீன்களோடு கூடி வாழ்ந்த தொட்டி மீன் எந்த நோயைச் சுமக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பட்டியல் பதினாலிலிருந்து சரசரவென்று இறங்கியது. சுறா முதலில் போனது. கிளாத்தி அடுத்து. அது லயனின் நீண்ட துடுப்பைக் கொறித்தே சாகடிக்கும், பொழுது போகாவிட்டால் பம்பின் வயரையும் கடிக்கும். கடைசியில் நின்றவை நாலு. ஒரு லயன்ஃபிஷ். செம்மேனியில் நீலப் பொட்டு வைத்த சிறு களவா ஒன்று. அது ஒன்றரை அடிக்குள் நின்றுவிடும் வகை. ஸ்னோஃப்ளேக் என்று விற்கும், நண்டு தின்னும் அஞ்சாலை ஒன்று. நாலாவது வேட்டை மீனே அல்ல, ஓரா. பாசியை மேய்ந்துகொண்டிருக்கும். முதுகு முள்ளில் விஷம் இருப்பதால் மற்றவை அதன் வழிக்குப் போவதில்லை. ஓரா குத்தினால் எப்படியிருக்கும் என்று எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார்.

பட்டியல் முடிந்ததும் அளவு தானாக உறுதியாகிவிட்டது. எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம். எல்லோரும் நீளத்துக்கும் உயரத்துக்கும் செலவழித்து அகலத்தில் மிச்சம் பிடிப்பார்கள், ஏனென்றால் அகலம் சோபாவிலிருந்து தெரியாது. ஒன்றேகால் அடி லயன் துடுப்பை விரித்துக்கொண்டு திரும்புவதற்கு அந்த அகலம்தான் வேண்டும். அகலத்தில் அரை அடி குறைத்தால் இருபதாயிரம் மிச்சம் என்று சொன்ன ஒருவருக்கு நான் தொட்டியே கட்டிக் கொடுக்கவில்லை.

இந்த அளவில் தண்ணீர் விளிம்புக்குக் கீழே நிற்கும்படி விட்டால் சுமார் 1,550 லிட்டர். 19 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் 350 கிலோ. கல், மணல், இரும்புத் தாங்கி சேர்த்தால் 2 டன்னைத் தாண்டிவிடும். அந்தப் பாரம் முழுக்க இறங்கும் இடம் 24 சதுர அடி. கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 கிலோ. வீட்டுத் தளங்களுக்கு நம் நாட்டுக் கட்டடத் தரவிதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். வீட்டுக்காரர் முதல் மாடிக் கூடத்தில்தான் வைக்க ஆசைப்பட்டார். பொறியாளர் எழுதிக் கொடுத்தால் வைக்கிறேன் என்றேன். பொறியாளர் வந்தார், பார்த்தார், தரைத்தளத்துக்கு இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். முன்கண்ணாடி ஒன்றின் மேல் மட்டும் தண்ணீர் சுமார் 600 கிலோ எடைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், இரவு பகல் பாராமல். சிலிக்கான் பூசும்போது இதை நினைத்துக்கொண்டால் கை அவசரப்படாது.

விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பவளம் வளர்க்காத தொட்டிக்கு மங்கல் வெளிச்சமே போதும், வேட்டை மீன்களுக்கும் அதுவே பிடிக்கும். பணத்தை சம்ப் எனும் கீழ்த்தொட்டியிலும் ஸ்கிம்மரிலும் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கீழ்வீடுதான் தொட்டியின் வயிறு. ஸ்கிம்மர் நுண்குமிழிகளை எழுப்பி, கரைந்திருக்கும் கழிவை நுரையாக மேலே தள்ளும். வேட்டை மீன் தொட்டியில் ஒரு வாரத்தில் சேரும் அந்தக் கறுப்புச் சாற்றை ஒருமுறை மோந்து பார்த்தவர்கள் ஸ்கிம்மருக்குப் பேரம் பேச மாட்டார்கள். தொட்டி அளவுக்குச் சரியானது என்று பெட்டியில் போட்டிருந்தால், அதைப்போல இரண்டு மடங்கு தாங்குவதை வாங்குவது என் வழக்கம்.

சம்ப்பில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஆறடிக்கு இரண்டடி தொட்டி ஒன்று கட்டினேன். தண்ணீர் திரும்பி வரும் குழாயின் வாயை மேல்மட்டத்திலிருந்து ஐந்து அங்குலம் உள்ளே இறக்கி வைத்தேன், சத்தம் வரக்கூடாதென்று. இரவில் கரண்ட் போனது. பம்ப் நின்றதும் அதே குழாய் தலைகீழாக உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. அந்தத் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது 28 லிட்டர், ஐந்து அங்குலம் 140 லிட்டர். சம்ப் கொண்டது போக மிச்சமெல்லாம் உப்புத் தண்ணீராகக் கூடத்து மரத்தளத்தில். மறுநாள் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். இந்த எட்டடித் தொட்டியில் ஓர் அங்குலம் 56 லிட்டர். அதனால் குழாயின் வாய் இப்போது மேல்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே மட்டும். தண்ணீர் விட்டதும் நான் செய்யும் முதல் சோதனை மெயின் ஸ்விட்சை அணைப்பதுதான்.

கரண்டைப் பற்றிப் பேசினால் வர்தா புயலைப் பேசாமல் முடியாது. 2016 டிசம்பர் 12. அப்போது என் வீட்டிலேயே ஒரு வேட்டைத் தொட்டி இருந்தது. இரண்டு லயன், நான் ஐந்து வருஷம் வளர்த்த களவா, ஓர் அஞ்சாலை. புயல் வருகிறது என்று தெரியும். காற்று வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று காலையிலேயே களவாவுக்கு ஒரு கானாங்கெளுத்தித் துண்டும் போட்டுவிட்டேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு. மத்தியானம் போன கரண்ட் எங்கள் தெருவுக்கு மூன்று நாள் வரவில்லை.

கடல்நீர், அதே வெப்பத்தில் இருக்கும் நல்ல தண்ணீரை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். ஓட்டம் நின்றால் மேலே கரைவதும் வெகுவாகக் குறைந்துவிடும். நானும் மனைவியும் மகனும் முறை வைத்துக் குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ராத்திரி முழுக்க அந்தச் சத்தம்தான். விடியும் முன்னே, மூன்று மணி இருக்கும், களவா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு சாய்ந்துவிட்டது. மறுநாள் ஒரு லயன். வயிறு காலியாகக் குழாய்க்குள் கிடந்த அஞ்சாலை மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருந்தது. சாப்பிட்ட மீனுக்குச் செரிப்பதற்கென்றே கூடுதல் ஆக்ஸிஜன் வேண்டும் என்பதைப் பிறகுதான் படித்தேன். களவாவை நானே ஊட்டிக் கொன்றிருக்கிறேன்.

அதனால் என் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கட்டளை உண்டு. வானிலை மையம் வாய் திறந்தால் மீனின் வாயை மூடிவிடுங்கள். ஒரு வாரப் பட்டினி வளர்ந்த வேட்டை மீனை ஒன்றும் செய்யாது. அதோடு, கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர்பம்ப் இரண்டு. 40 வாட் அலைபம்ப் ஒன்று இன்வெர்ட்டரில். ஒரு 150 ஆம்பியர் பேட்டரி அதை ஒரு நாளுக்கு மேல் தாங்கும். தொட்டிச் செலவில் இவை துளி.

தண்ணீருக்கு வருவோம். "எதிர்ல கடல், மோட்டார் போட்டு இழுத்துக்கலாமே?" என்பது அடுத்த நியாயமான கேள்வி. மெரினாவில் 1909இலேயே கடல்மீன் காட்சிச்சாலை கட்டிய ஊர் இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. கடல்நீரை இழுத்துத் தெளியவைத்து வடிகட்டிப் புழங்கும் இடங்கள் இன்றும் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்கு அது வம்பு. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் கலந்து நம் கரையோரக் கடலின் உப்பு குறைந்துவிடும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் மெரினா வரை வந்ததை மறந்துவிடவும் முடியாது. ஆர்.ஓ. தண்ணீரில், கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் பாக்கெட் உப்பைக் கரைப்பதுதான் என் வழி. சம்ப்பும் சேர்த்து 1,900 லிட்டருக்கு 70 கிலோ உப்பு பிடித்தது. மே மாதத்துக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது; 27 டிகிரிக்கு மேல் ஏறவிடுவதில்லை.

கல்லுக்கும் இதே மாதிரி ஒரு யோசனை வைத்திருந்தார். ராமேஸ்வரத்துப் பக்கம் தெரிந்தவர் மூலம் பவளக்கல் வருமாம். வேண்டவே வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அதே சட்டம் ராட்சசக் களவாவையும் காக்கிறது. சிமென்ட்டிலும் பீங்கானிலும் வார்த்த கற்களை வைத்தேன். மணலின் மேல் அல்ல, அடிக்கண்ணாடியின் மேல் நேராக, பிறகு சுற்றி மணல். அஞ்சாலை பறிக்கும், கல் சரியும். அஞ்சாலைக்கென்று கற்களுக்குப் பின்னால் மூன்று அங்குலக் குழாய் நாலடி நீளத்துக்கு ஒளித்திருக்கிறேன். மூடியில் விரல் நுழையும் சந்துகூடக் கிடையாது. சந்து விட்டவர்கள் அஞ்சாலையை சோபாவுக்குப் பின்னால் கருவாடாகக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

தீனிதான் இந்தக் கலையில் எனக்குப் பிடித்த பகுதி. லயனுக்கு அசைந்தால் உணவு, அசையாவிட்டால் கல். கொளத்தூரில் மலிவாகக் கிடைக்கும் கோல்டுஃபிஷ் குஞ்சுகளை உயிரோடு போட்டுப் பழக்குகிறவர்கள் அதிகம். பார்க்கப் பரபரப்பாக இருக்கும். நன்னீர்க் குஞ்சின் கொழுப்பு கடல்மீனுக்கு ஒத்துவராது. போதாததற்கு அதில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. மத்தி, நெத்திலி இனங்கள் பலவற்றிலும் அது உண்டு. அவற்றையே மாதக்கணக்கில் போட்டால் நல்ல மீன் ஒருநாள் சாய்ந்து நீந்தும், குறி தவறும். நான் காசிமேட்டில் விடியற்காலையில் வாங்குவது கணவாய், ஓட்டோடு இறால், சங்கரா, மடவை. உறையவைத்துத்தான் கொடுப்பேன். வாரம் ஒருமுறை துண்டுக்குள் பி1 மாத்திரைத் தூள். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் எனக்கு நரம்புத் தளர்ச்சி என்றே பல வருஷம் நினைத்திருந்தார்.

செத்த தீனிக்குப் பழக்க ஓர் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குச்சி போதும். பொறுமைதான் விலை அதிகம். முதலில் உயிருள்ள சிறு இறால். பிறகு இரண்டு மூன்று நாள் ஒன்றுமில்லை. பிறகு குச்சி நுனியில் செத்த இறாலைச் செருகி, உயிருள்ளது துடிப்பது போல மெல்ல ஆட்ட வேண்டும். வேகமாக ஆட்டினால் பயப்படும், ரொம்ப மெதுவாக ஆட்டினால் ஏமாறாது. அந்தத் தாளம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, மணிக்கட்டில் ஒருநாள் தானே உட்காரும். பழகிய பிறகு வாரத்துக்கு மூன்று வேளை, அதற்கு மேல் இல்லை. லயன் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். கண்ணாடியோரம் வந்து துடுப்பை விரித்துப் பிச்சை கேட்கும். கொடுத்துக்கொண்டே போனால் ஈரலில் கொழுப்பு கட்டிச் சாகும்.

அந்த விரிந்த அழகில் 18 விஷ முள் இருப்பதைக் கடைசியாகச் சொன்னேன். முதுகில் 13, வயிற்றுத் துடுப்பில் 2, பின்னால் 3. வீட்டுக்காரர் முகம் மாறியது. பேத்தி ஞாபகம் வந்திருக்கும். நானும் ஒருமுறை கட்டைவிரலில் வாங்கியிருக்கிறேன். தோள்பட்டை வரை ஏறிய வலி. அந்த விஷம் சூட்டில் சிதையும், அதனால் தோல் வேகாமல் பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில், 45 டிகிரிக்கு மிகாமல், கையை அமிழ்த்திக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். மூடிக்குப் பூட்டும் உண்டு. சாவி பேத்திக்கு எட்டாத ஆணியில்.

தொட்டியில் தண்ணீர் நிறைத்து இன்று இருபத்திரண்டாம் நாள். மீன் ஒன்றும் இல்லை. ஒரு கைப்பிடி இறாலைப் போட்டு அழுகவிட்டோம். அதிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா குடியேறிவிட்டது. அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறவை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நைட்ரைட் சுழிக்கு இறங்கும் வரை இப்படித்தான். வீட்டுக்காரர் தினமும் ராத்திரி போன் செய்கிறார். "சார், வர்றவங்களுக்கெல்லாம் வெறும் தண்ணியக் காட்டிட்டிருக்கேன்." இன்னும் இரண்டு மூன்று வாரம் காட்டுங்கள் என்கிறேன். முதலில் லயன், பிறகு ஓரா, அஞ்சாலை. இடத்தைத் தனதென்று பிடித்துக்கொள்ளும் களவா கடைசியில்.

லயன் இப்போது என் பட்டறையில், தனித் தொட்டியில் இருக்கிறது. வந்து மூன்று வாரமாகிறது. உடம்பில் நோயின் வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. நேற்று சாயங்காலம் முதல் தடவையாகக் குச்சியிலிருந்து செத்த இறாலை எடுத்தது.